பிரிக்கப்படாத கடிதங்கள்: கடன் அட்டை நிலுவையும் சட்டத்தின் படிகளும்

மாதத்தின் முதல் வாரம். கிளை திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எங்களிடம் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் கோபத்துடன் மேசை முன் வந்து நின்றார். "சம்பளத்தில் பத்தாயிரம் ரூபாய் குறைகிறது. யாரைக் கேட்டுப் பிடித்தீர்கள்?" என்றார். கணக்கைத் திறந்து காட்டினோம். வங்கி எதையும் பிடிக்கவில்லை. நிறுவனத்திலிருந்து வந்த தொகையே குறைவாகத்தான் இருந்தது. அங்கேயே நின்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பேசப் பேச அவர் குரல் தணிந்தது. நீதிமன்ற ஆணைப்படி சம்பளத்தில் பிடித்தம் செய்திருப்பதாகக் கணக்குப் பிரிவினர் கூறியிருக்கிறார்கள்.

மறுநாள் ஒரு மஞ்சள் பையுடன் வந்தார். பை நிறையக் கடிதங்கள், பெரும்பாலானவை பிரிக்கப்படாதவை. வேறொரு வங்கியின் கடன் அட்டை தொடர்பானவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேலையை இழந்தபோது அட்டையில் ரூ.60,000 நிலுவை இருந்ததாம். "கையில் பணம் இல்லாதபோது பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று வைத்துவிட்டேன்" என்றார். அவரது அனுமதியுடன் உறைகளைப் பிரித்துத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினோம். கடன் அட்டை நிலுவை எந்தெந்தப் படிகளைக் கடந்து நீதிமன்றம் வரை செல்கிறது என்பதற்கு அந்த வரிசையே பாடமாக அமைந்தது. அவரது பெயரையும் ஊரையும் தவிர்த்து, அந்த வரிசையிலேயே இக்கட்டுரையை வாசகர்களுக்கு வழங்குகிறோம்.

மாதப் பட்டியல்: குறைந்தபட்சத் தொகை என்னும் மயக்கம்

முதலில் இருந்தவை மாதாந்தரப் பட்டியல்கள். ஆரம்பத்தில் சில மாதங்கள் அவர் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தியிருந்தார். அதைக் கட்டிவிட்டால் அந்த மாதக் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில், குறைந்தபட்சத் தொகை தாமதக் கட்டணத்திலிருந்து காக்குமேயன்றி வட்டியிலிருந்து காக்காது. முழுத் தொகையையும் செலுத்தாவிட்டால் வட்டியில்லாக் காலச் சலுகை போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும்.

ஓர் எளிய கணக்கு. நிலுவை ரூ.60,000; மாத வட்டி 3.5 விழுக்காடு எனக் கொள்வோம். ஒரு மாத வட்டி ரூ.2,100. அதன் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ரூ.378. ஆக ரூ.2,478. குறைந்தபட்சத் தொகையாக ரூ.3,000 செலுத்தினால் அசலில் குறைவது வெறும் ரூ.522. புதிதாக எதுவும் வாங்காமல் மாதந்தோறும் ரூ.3,000 வீதம் ஓராண்டில் ரூ.36,000 செலுத்திய பின்பும் அசல் ஏறத்தாழ ரூ.7,900 மட்டுமே குறைந்திருக்கும். எதுவுமே செலுத்தாவிட்டால் எப்படிப் பெருகும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

கடன் அட்டை வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா என்று பலர் கேட்பதுண்டு. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால், 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. எனவே, ஒப்பந்தத்தில் கண்ட வட்டி விகிதத்தைக் கையொப்பமிடும் முன்பே படித்தறிவது இன்றியமையாதது.

நினைவூட்டல்: மூன்று நாளும் தொண்ணூறு நாளும்

அடுத்திருந்தவை நினைவூட்டல் கடிதங்கள். இங்கு வாடிக்கையாளருக்குச் சில பாதுகாப்புகள் உள்ளன. இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கடன் அட்டை விதிகளின்படி, கடைசி நாளைக் கடந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆன பின்னரே தாமதக் கட்டணம் விதிக்கலாம். தவணை தவறியதாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அறிவிப்பதும் அதன் பின்னரே. தாமதக் கட்டணத்தைச் செலுத்தாமல் மீதமுள்ள தொகையின் மீதே கணக்கிட வேண்டும். பட்டியலின் முழுத் தொகை மீது அன்று. செலுத்தப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கு வட்டி போடக் கூடாது. கடன் தவறியவர் என்று அறிவிக்கும் முன் ஏழு நாள் அவகாசத்துடன் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

குறைந்தபட்சத் தொகை கடைசி நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முழுமையாகச் செலுத்தப்படாவிட்டால் அக்கணக்கு வாராக் கடன் ஆகிறது. கடன் தகவல் நிறுவனங்கள் வழங்கும் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். தவறிய தவணைகளின் பதிவு பல ஆண்டுகள் அங்கே நிற்கும். பிற்காலத்தில் வீட்டுக் கடனோ, பிள்ளையின் கல்விக் கடனுக்குத் துணை ஒப்பமோ தேவைப்படும்போது இப்பதிவு குறுக்கே வரும். பொதுத்துறை வங்கிப் பணிக்குத் தேர்வாகும் இளைஞர்களிடமும் நல்ல கடன் வரலாறு எதிர்பார்க்கப்படுகிறது என்பதை மாணவப் பருவத்திலேயே அட்டை வாங்குவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

வசூல் முகவர்: எல்லை எது?

"தினமும் பத்து முறை கூப்பிட்டார்கள். மைத்துனருக்கும் பேசினார்கள். அதிலிருந்து எண்ணையே மாற்றிவிட்டேன்" என்றார் அவர். கடனைக் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு. அவமதிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டல், வசைச்சொல், பிறர் முன் தலைகுனியச் செய்தல், உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்தல் ஆகிய அனைத்தும் ரிசர்வ் வங்கியால் தடை செய்யப்பட்டவை. முகவரின் செயலுக்கு அவரை அனுப்பிய வங்கியே பொறுப்பு.

எல்லை மீறினால் நாள், நேரம், எண், பேசியது ஆகியவற்றைக் குறித்து வைத்து முதலில் அட்டை வழங்கிய வங்கிக்கு எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்னும் எண்ணில் இதற்கான வழிகாட்டுதல் கிடைக்கும். ஆனால், முகவரின் தவறு கடனைத் தள்ளுபடி செய்துவிடாது. அவர் எண்ணை மாற்றியதால் முகவரின் அழைப்பு மட்டுமன்று, வங்கி அனுப்பிய தீர்வுத் திட்டச் செய்திகளும் அவரைச் சேராமல் போயின.

வழக்கறிஞர் அறிவிப்பு: தீர்ப்பு அன்று, கடைசி வாய்ப்பு

அடுத்த உறையில் வழக்கறிஞர் அறிவிப்பு. வக்கீல் நோட்டீஸ் என்றாலே வழக்கில் தோற்றுவிட்டதாகச் சிலர் அஞ்சுகின்றனர்; வேறு சிலர் வெறும் மிரட்டல் என ஒதுக்குகின்றனர். இரண்டும் தவறு. வழக்குத் தொடரும் முன் வரும் கோரிக்கை அது. தொகை சரியா, கட்டியவை வரவு வைக்கப்பட்டுள்ளனவா, நாம் செய்யாத செலவு ஏதும் சேர்ந்துள்ளதா எனச் சரிபார்த்து எழுத்தில் பதிலளிக்கும் தருணம் அதுவே. பேச்சுவார்த்தைக்கும் அதுவே ஏற்ற நேரம்.

கடன் அட்டை நிலுவை பிணையமற்ற கடன். எனவே, வீட்டுக் கடனில் செய்வது போல நீதிமன்றம் செல்லாமலே சொத்தைக் கைப்பற்றும் சர்ஃபாசி சட்டம் இதற்குப் பொருந்தாது. வைப்புத்தொகையின் பேரில் அட்டை பெற்றிருந்தால் அந்த வைப்பிலிருந்து வங்கி ஈடுசெய்து கொள்ளலாம். அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால், ஒப்பந்த நிபந்தனைக்கு உட்பட்டு அதிலிருந்து நிலுவையைச் சரிக்கட்டும் உரிமையும் வங்கிக்கு உண்டு.

பிறவற்றுக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு இடமிருந்தால் வழக்கு நடுவரிடமும் செல்லலாம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி வழக்குத் தொடர மூன்று ஆண்டுக் கெடு உண்டு. "மூன்று ஆண்டு ஒளிந்திருந்தால் தப்பிவிடலாம்" என்னும் தவறான அறிவுரை இதிலிருந்தே பிறக்கிறது. கெடு முடியும் முன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அதற்குக் கையெழுத்துச் சான்று இருந்தாலோ கெடு அந்நாளிலிருந்து மீண்டும் தொடங்கும். கெடு கடந்தாலும் மறைவது வழக்குத் தொடரும் உரிமை மட்டுமே. கடன் வரலாற்றின் கறை மறையாது.

பையில் இல்லாத கடிதம்

இந்த வரிசையில் ஒரு கடிதம் மட்டும் இல்லை: நீதிமன்ற அழைப்பாணை. கேட்டோம். சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "தபால்காரர் பதிவு அஞ்சல் கொண்டுவந்தார். கோர்ட் முத்திரை இருந்தது. வாங்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்" என்றார்.

அவரது இழப்பில் பெரும்பகுதி அந்த ஒரு நொடியில் நேர்ந்தது. அழைப்பாணையை வாங்க மறுத்தால் அது "மறுக்கப்பட்டது" என்ற குறிப்புடன் திரும்பும். உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி அது முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே நீதிமன்றம் கொள்ளலாம். குறித்த நாளில் பிரதிவாதி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்படும். வங்கி சொன்ன தொகையும் வட்டியும் மறுப்பின்றி நிற்கும். அவருக்கு நேர்ந்ததும் அதுவே. ரூ.60,000 நிலுவை, வட்டியும் கட்டணமும் வழக்குச் செலவும் சேர்ந்து ரூ.1,38,000 என்று தீர்ப்பானது.

அழைப்பாணையை வாங்கியிருந்தால்? பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. தக்க காரணம் காட்டினால் 90 நாள் வரை நீதிமன்றம் அனுமதிக்கலாம். சுருக்க விசாரணை முறையில் தொடரப்பட்ட வழக்கானால் அவகாசம் மிகக் குறைவு. அழைப்பாணை கிடைத்த 10 நாட்களுக்குள் முன்னிலையாக வேண்டும். வேலை இழந்ததைக் கூறித் தவணை கேட்டிருக்கலாம். கட்டணங்களைக் கேள்விக்குட்படுத்தியிருக்கலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரி 30 நாட்களுக்குள் மனுச் செய்யலாம் என்றாலும், வேண்டுமென்றே அழைப்பாணையை மறுத்தவர் நீதிமன்றத்திடம் என்ன காரணம் கூற இயலும்?

ஜப்தி: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

தீர்ப்புக்குப் பின்னும் பணம் வராவிட்டால் வங்கி நிறைவேற்று மனுத் தாக்கல் செய்யும். வங்கிக் கணக்கு, வாகனம், நிலம், சம்பளம் ஆகியவற்றை முடக்க நீதிமன்றம் ஆணையிடலாம். ஆயினும், ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவது சட்டத்தின் நோக்கமன்று. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு பலவற்றைக் காக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத அணிகலன், தொழிலாளியின் கருவிகள், வருங்கால வைப்பு நிதி, அரசு ஓய்வூதியம், ஆயுள் காப்பீட்டுத் தொகை ஆகியவை ஜப்திக்கு அப்பாற்பட்டவை. திருமாங்கல்யத்தின் மீது எந்த வசூலிப்பவரும் கை வைக்க இயலாது.

சம்பளத்தில் முதல் ரூ.1,000த்தையும் மீதியில் மூன்றில் இரு பங்கையும் தொட முடியாது. நம் வாடிக்கையாளரின் சம்பளம் ரூ.31,000. முதல் ஆயிரம் போக மீதி ரூ.30,000, அதில் மூன்றில் ஒரு பங்கு ரூ.10,000. அந்த மாதம் குறைந்த தொகை இதுவே. ஒரே தீர்ப்பின் பேரில் இவ்வாறு மொத்தம் 24 மாதங்கள் பிடித்தம் செய்தபின், அத்தீர்ப்புக்காக மேலும் சம்பளத்தை முடக்க இயலாது.

சிறை உண்டா?

இதுதான் எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. பணம் இல்லாததால் கடன் அட்டை நிலுவையைச் செலுத்த இயலாமற்போவது குற்றமன்று. அது உரிமையியல் பிரச்சினை. தீர்ப்பை நிறைவேற்ற உரிமையியல் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடமிருந்தாலும், செலுத்த வழியிருந்தும் தீய நோக்குடன் மறுப்பவருக்கே அது பொருந்தும் என 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வெறும் வறுமைக்காக ஒருவரைச் சிறையிலிடுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு முரண் என்பதே அதன் சாரம். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்வதைச் சட்டமே தடுக்கிறது.

ஆனால், மூன்று சூழல்களில் விவகாரம் குற்றவியல் பக்கம் திரும்பும். முதலாவது, நிலுவைக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்புவது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி, அறிவிப்புப் பெற்ற 15 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தாவிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இரண்டாவது, கணக்கிலிருந்து தானாகப் பற்று வைக்கக் கொடுத்த மின்னணு அனுமதி பணமின்றித் தவறுவது. 2007ஆம் ஆண்டின் கொடுப்பு மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதையும் காசோலைக்கு இணையாகவே நடத்துகிறது. எனவே, வசூல் முகவரின் நெருக்கடிக்கு அஞ்சி, கணக்கில் பணம் இல்லாத நிலையில் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடாதீர்கள்! மூன்றாவது, போலி ஆவணம் காட்டியோ தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்துடனோ அட்டை பெறுவது. இது மோசடிக் குற்றம்.

காவல்துறை அதிகாரி போலக் காணொளியில் தோன்றி "கடன் நிலுவைக்காக உங்களை டிஜிட்டல் கைது செய்கிறோம்" என்று கூறுவோர் அனைவரும் மோசடிக்காரர்களே. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது.

குடும்பத்தாரின் பொறுப்பு

கணவரின் அட்டை நிலுவையை மனைவியோ, தந்தையின் நிலுவையை மகனோ தம் சொந்த வருவாயிலிருந்து செலுத்த வேண்டிய சட்டக் கடமை இல்லை. அட்டைதாரர் மறைந்தால், அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து வாரிசுகள் பெற்ற அளவுக்கு மட்டுமே பொறுப்பு. அதே வேளையில், குடும்பத்தினருக்குக் கூடுதல் அட்டை வாங்கிக் கொடுத்திருந்தால் அதில் செய்யும் செலவுக்கு முதன்மை அட்டைதாரரே பொறுப்பு.

நெருக்கடியில் செய்ய வேண்டியவை

வருவாய் குறையும் என்று தெரிந்த உடனேயே, தவணை தவறும் முன்பே, வங்கிக்கு எழுதுங்கள். நிலுவையைக் குறைந்த வட்டியிலான மாதத் தவணைகளாக மாற்ற அப்போதே வாய்ப்பு மிகுதி. அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ஓர் அட்டையின் நிலுவையை அடைக்க மற்றோர் அட்டையில் ரொக்கம் எடுக்காதீர்கள். ரொக்கத்துக்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி உண்டு.

ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து தீர்க்கும் சமரசத் திட்டம் வந்தால், எழுத்து வடிவில் பெற்ற பின்னரே பணம் செலுத்துங்கள். தனிநபர் கணக்கில் செலுத்தாதீர்கள். கடன் வரலாற்றில் அது முழுமையாகக் கட்டி முடித்ததாக அன்றி, "சமரசமாகத் தீர்க்கப்பட்டது" என்றே பதிவாகும். வழக்கு தொடராமலிருப்பதன் முன் அது சிறிய விலை; எனினும் அறிந்தே ஏற்க வேண்டும். நிலுவையில்லாச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள். தீர்த்த 30 நாட்களுக்குள் அட்டை வழங்கியவர் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவைத் திருத்தியாக வேண்டும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வழங்குவதால் அதை நீங்களே சரிபார்க்கலாம்.

மக்கள் நீதிமன்றம் என்னும் லோக் அதாலத்திலிருந்து அறிவிப்பு வந்தால் அஞ்சாமல் செல்லுங்கள். கட்டணம் இல்லை, இரு தரப்பும் இசைந்தால் மட்டுமே தீர்வு. அங்கு எட்டும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது, மேல்முறையீடு இல்லை. ஆகவே, கட்ட இயலும் தவணைக்கே ஒப்புக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

நம் வாடிக்கையாளரும் அந்த ஆணைக்குழுவுக்கே சென்றார். நிறைவேற்று மனு லோக் அதாலத்துக்கு அனுப்பப்பட்டது. அவரது நிலையைக் கேட்ட அந்த வங்கி, வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மீதியைத் தவணையில் பெற இசைந்தது. சம்பளப் பிடித்தம் நீங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் உறையைப் பிரித்த அன்றே கேட்டிருந்தால் இதைவிடக் குறைந்த தொகையில் முடிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும்; நாங்கள் சொல்லவில்லை.

சென்ற மாதம் கிளைக்கு வந்தவர் ஓர் உறையைக் கையில் வைத்திருந்தார். கடைசித் தவணைக்கான ரசீதும் நிலுவையில்லாச் சான்றும் அதில் இருந்தன. உறை பிரிக்கப்பட்டிருந்தது.